எஃப்.சி.க்கு ரெடி, ரோட்டுக்கு?

அனுப்புநர்:
20 வயது பெட்ரோல் கார் ஒன்றின் உரிமையாளர்,
தமிழ்நாடு.

பெறுநர்:
வட்டாரப் போக்குவரத்து அலுவலர் அவர்கள்,
வட்டாரப் போக்குவரத்து அலுவலகம்.
(ஊர்ப் பெயரை வேண்டுமென்றே விட்டிருக்கிறேன். எந்த ஊரில் கொண்டுபோய்க் கொடுத்தாலும் முகவரி சரியாகத்தான் இருக்கும்.)

பொருள்: என் காருக்கு மேலும் 5 வருடம் ஆயுள் அளித்தமைக்கு நன்றி தெரிவித்தல் – தொடர்பாக.

பார்வை: 1. மோட்டார் வாகனச் சட்டம், 1988. 2. மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989. 3. மெக்கானிக் வாய்மொழியாகச் சொன்னது.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

பார்வை 1 மற்றும் 2இல் கண்டுள்ளபடி என் கார் தங்கள் மைதானத்தில் ஆஜர்படுத்தப்பட்டது. சோதிக்கப்பட்டது. சாலையில் ஓடத் தகுதியானது என்று முடிவு செய்யப்பட்டு, பதிவுச் சான்றான ஆர்.சி.யும் புதுப்பிக்கப்பட்டுவிட்டது. இவ்வளவு சீக்கிரம் முடிந்த காரியத்துக்கு நன்றி சொல்லாமல் இருப்பது பண்பல்ல என்பதால் இதை எழுதுகிறேன்.

முதலில் சோதனையின் நுணுக்கத்தைப் பாராட்ட வேண்டும். பானட்டைத் திறக்கச் சொன்னார்கள். என்ஜினுக்குப் பின்னால் உள்ள தகட்டில் அடித்திருக்கும் சேஸ் நம்பரின் மேல் வெள்ளைத் தாளை வைத்து, பென்சிலைச் சாய்த்துப் பிடித்து மெல்லத் தேய்த்தார் ஒருவர். சாம்பல் பூத்த தாளில் 17 எழுத்தும் எண்ணும் ஒவ்வொன்றாக எழுந்து வந்தன. நடுவில் ஒரு 8 மட்டும் மங்கலாக விழுந்தது. அது 3ஆக இருக்குமோ என்று சந்தேகம் வந்தது. தகட்டில் படிந்திருந்த கிரீஸைத் துணியால் வழித்துத் துடைத்து, வேறு தாள் வைத்து, மறுபடி தேய்த்தார்கள். 8தான். எல்லோருக்கும் நிம்மதி.

பிறகு நம்பர் பிளேட்டைப் பார்த்தார்கள். ஆர்.சி.யில் எழுதியிருக்கும் கலரும் வண்டியின் கலரும் ஒன்றா என்று பார்த்தார்கள். ஹெட்லைட் எரிந்தது, இண்டிகேட்டர் சிமிட்டியது, ஹாரன் கத்தியது. கையெழுத்து விழுந்தது. பிரேக் பெடலின் மேல் கடைசிவரை யாருடைய காலும் படவில்லை. நாடி பிடிக்காமல் ஆதார் அட்டையை மட்டும் சரிபார்த்து, ‘பூரண ஆரோக்கியம்’ என்று எழுதித் தரும் வைத்தியரை அன்றைக்குத்தான் நேரில் கண்டேன்.

என் வருத்தம் ஒன்றே ஒன்றுதான். அதைச் சொல்ல பார்வை 3க்கு வர வேண்டும். எஃப்.சி. என்னும் தகுதிச் சான்றுக்குக் காட்டுவதற்கு முந்தின வாரம் காரை மெக்கானிக்கிடம் விட்டேன். சுற்றி ஒரு பார்வை பார்த்துவிட்டு அவர் கேட்டார்: “சார், எஃப்.சி.க்கு ரெடி பண்ணணுமா, ஓட்டுறதுக்கு ரெடி பண்ணணுமா?”

இரண்டும் வேறு வேறு வேலை என்று அதுவரை நான் நினைத்ததில்லை. அவர் விளக்கினார். எஃப்.சி.க்கு என்றால் டிங்கரிங், பட்டி, பெயிண்ட் டச்சப், ஃபியூஸ் போன பல்பு, புது வைப்பர், ஹாரன், வாட்டர் வாஷ், கண்ணாடியில் ஒட்டிய கறுப்பு ஃபிலிமை உரிப்பது. இரண்டு நாள் போதும். ஓட்டுவதற்கு என்றால் வண்டியைத் தூக்கி நிறுத்தி நாலு வீலையும் கழற்ற வேண்டும். “அதுக்கு டைம் ஆகும் சார். செலவும் ஜாஸ்தி. ஆனா அத அங்க யாரும் பாக்க மாட்டாங்க.”

இரண்டு வேலையையும் செய்யச் சொன்னேன். முதல் வேலைக்குப் போட்ட பணம் முழுசாகப் பலன் தந்தது. இரண்டாவது வேலைக்குப் போட்ட பணத்தில் ஒரு ரூபாய்கூடத் தங்கள் கண்ணில் படவில்லை. படித்தவனுக்கும் படிக்காதவனுக்கும் ஒரே மார்க் போட்டால், படித்தவனுக்கு வயிறு எரியாதா?

ஆகவே, தாங்கள் பார்க்கத் தவறிய என் கஷ்டங்களைப் பணிவுடன் கீழே சமர்ப்பிக்கிறேன். என்னுடையது போன்ற வயதான கார் எதுவானாலும் கோளாறு பெரும்பாலும் இந்த இடங்களில்தான் இருக்கும்.

பிரேக். பின் வீல் டிரம்முக்குள் வீல் சிலிண்டர் என்று ஒன்று உண்டு. அதனுள் இருக்கும் ரப்பர் வயதாகிக் காய்ந்தால் பிரேக் ஆயில் கசியும். கசிந்த ஆயில் பிரேக் ஷூவை நனைக்கும். நனைந்த ஷூ பிடிக்காது. ஒரு பக்கம் பிடித்து மறுபக்கம் பிடிக்காத வண்டி, மழை நாளில் அழுத்திப் பிரேக் போட்டால் நேராக நிற்காது. டிரம்மைக் கழற்றினால்தான் இது தெரியும். பிரேக் ஆயில் வேறு காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் சரக்கு. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றாவிட்டால் அதன் கொதிநிலை இறங்கிக்கொண்டே வரும். சமதளத்தில் ஒன்றும் தெரியாது. வால்பாறையின் 40 கொண்டை ஊசி வளைவுகளிலும் கொல்லிமலையின் 70 வளைவுகளிலும் பெடலில் வைத்த காலை எடுக்காமல் இறங்கும்போது சூடேறி, ஆயிலுக்குள் ஆவி கிளம்பி, பெடல் பஞ்சாகிக் கீழே போகும். தங்கள் மைதானம் மிகவும் சமதளமானது என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன்.

இதற்கு ராக்கெட் விஞ்ஞானம் வேண்டியதில்லை. என்ஜினை ஓடவிட்டு பெடலை ஒரே அழுத்தாக அழுத்தி அரை நிமிடம் பிடித்தால், அது மெதுவாகத் தரையை நோக்கி இறங்குகிறதா என்று தெரிந்துவிடும். இறங்கினால் பெரும்பாலும் மாஸ்டர் சிலிண்டர் போயிருக்கும், அல்லது எங்கோ ஆயில் கசியும். அரை நிமிடம்தான். அந்த 8ஐ 3இலிருந்து பிரித்தெடுக்க ஆன நேரத்தைவிடக் குறைவு.

ஸ்டியரிங்கும் அடிப்பாகமும். டை ராட் எண்ட், பால் ஜாயிண்ட், லோயர் ஆர்ம் புஷ். பேர்தான் பெரிசு, சாமான் கைக்குள் அடங்கிவிடும். பால் ஜாயிண்டின் ரப்பர் உறை கிழிந்தால் மண்ணும் தண்ணீரும் உள்ளே போகும். உள்ளே உள்ள குண்டு தேயும். தேய்ந்து தேய்ந்து ஒருநாள் கழன்றால் முன்வீல் மடங்கி விழும். ஒரு ஜாக்கி வைத்து முன்வீலைத் தூக்கி, இரண்டு பக்கமும் பிடித்து ஆட்டினால் ‘டக்’ என்று ஒரு ஆட்டம் கையில் தெரியும். ஷாக் அப்சார்பர் கசிந்திருந்தால் அதன் உடம்பில் எண்ணெயும் தூசியும் அடையாய் அப்பிக் கிடக்கும். குனிந்து பார்த்தால் போதும். தாங்கள் குனியவில்லை. குனிந்து பார்க்கக் குழியோ லிஃப்ட்டோ அந்த மைதானத்தில் இல்லை என்பதும் உண்மை.

டயர். பட்டன் ஆழம் குறைந்தபட்சம் 1.6 மில்லிமீட்டர் இருக்க வேண்டும் என்று 1989 விதிகள் சொல்கின்றன. நல்ல விதி. ஆனால் காரை வாரத்துக்கு ஒருமுறை கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் எடுக்கும் வீடுகளில் பட்டன் தேயாது, ரப்பர்தான் கிழடாகும். டயரின் பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் நாலு எண் அச்சடித்திருக்கும். 3411 என்று இருந்தால் 2011ஆம் வருடத்தின் 34ஆவது வாரத்தில் செய்த டயர். பக்கத்தில் கைவைத்தால் பாளம் பாளமாக வெடிப்பு தெரியும். பட்டன் மட்டும் புதுசு போல நிற்கும். அது தேறிவிடும். வெயில் காலத்தில் நெடுஞ்சாலையில் வெடிப்பதும் அதுதான். எஃப்.சி. அன்றைக்கு மட்டும் நல்ல டயரை இரவல் வாங்கி மாட்டி, சாயங்காலம் கழற்றித் திருப்பிக் கொடுக்கும் லாரி உலகத்துக் கெட்டிக்காரத்தனம் தங்களுக்குத் தெரியாததல்ல.

துரு. பட்டியும் பெயிண்டும் போட்டு மூடிவிட்டால் துரு கண்ணுக்குத் தெரியாது. ஒரு சின்னக் காந்தத்தைக் கதவின் அடிப்பகுதியிலும் வீல் வளைவிலும் ஒட்டிப் பாருங்கள். தகடு இருந்தால் பிடிக்கும். கனமாகப் பட்டி அப்பிய இடத்தில் நழுவி விழும். தூத்துக்குடி, நாகப்பட்டினம் போலக் கடல்காற்று அடிக்கும் ஊரில் ஓடிய காரில் இதை முதலில் பார்க்க வேண்டும். 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் சென்னையில் எத்தனையோ கார்கள் கழுத்தளவுத் தண்ணீரில் நின்றன. அவற்றில் கழுவித் துடைத்துக் காயவைத்து, வாசனை அடித்து, வெளியூரில் விற்கப்பட்டவையும் உண்டு. கார்ப்பெட்டைத் தூக்கினால் தரைத் தகடு பிஸ்கட் பதத்தில் இருக்கும். சீட் பெல்ட்டின் போல்ட்டையும் அந்தத் தகட்டில்தான் முடுக்கியிருக்கிறார்கள். பெல்ட்டை இழுத்துப் பார்த்து, ‘இருக்கிறது’ என்று குறித்துக்கொள்ளலாம். எதில் மாட்டியிருக்கிறது என்பது வேறு கேள்வி.

ஹெட்லைட். நடுப்பகல் வெயிலில் எரிந்ததைத் தாங்கள் பார்த்தீர்கள். மஞ்சள் பூத்த பிளாஸ்டிக் மூடிக்கும் மங்கிப்போன ரிஃப்ளெக்டருக்கும் நடுவே அந்த வெளிச்சம் ராத்திரியில் எத்தனை அடி போகும் என்பதை, சாலையோரம் நடந்து போகிறவர்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

இத்துடன் பெட்ரோல் ஹோஸையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். 2005ஆம் வருடக் காரின் ரப்பர் குழாய்கள் இதைக் குடிக்கப் பிறந்தவை அல்ல. பழைய வண்டிகளில் சில ரப்பர் பாகங்களையும் கேஸ்கட்டையும் மாற்ற வேண்டி வரலாம் என்று அரசே ஒப்புக்கொண்டது. மாற்றியிருக்கிறதா என்று பார்ப்பவர் மட்டும் யாருமில்லை.

புகையை மட்டும் பார்க்கிறார்களே என்று தாங்கள் சொல்லலாம். ஆம், பார்க்கிறார்கள். என் வயதுக் காருக்கு ஐட்லிங்கில் கார்பன் மோனாக்சைடு 0.5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, ஹைட்ரோகார்பன் 750 பிபிஎம்மைத் தாண்டக் கூடாது. சைலன்சரில் குழாயைச் செருகி அளந்து, நம்பர் பிளேட்டோடு ஒரு போட்டோவும் எடுத்துக்கொள்கிறார்கள். பழைய கார் விடும் மூச்சை 6 மாதத்துக்கு ஒருமுறை சோதிக்கும் நாட்டில், அது நிற்குமா என்பதை 5 வருடத்துக்கு ஒருமுறை சோதிக்கிறோம். அதையும் பார்க்காமல் சோதிக்கிறோம்.

சட்டத்தைப் படித்தபோது இன்னொன்றும் புரிந்தது. வாடகைக் காருக்கும் ஆட்டோவுக்கும் 8 வருடம் வரை 2 வருடத்துக்கு ஒருமுறை எஃப்.சி.; அதற்குப் பிறகு வருடா வருடம். சொந்தக் கார் என்றால் வாங்கிய நாள் முதல் 15 வருடம் யாரும் தொடுவதில்லை. அதற்குள் அது மூன்று பேர் கை மாறி, இரண்டு இடத்தில் இடிபட்டு, ஒரு வெள்ளத்தையும் பார்த்திருக்கலாம். 15 முடிந்ததும் ஒரு பார்வை. பிறகு 5 வருடம் நிம்மதி.

கட்டணத்தில் மட்டும் தாங்கள் தூங்கவில்லை. 15 வயது தாண்டிய காரின் பதிவைப் புதுப்பிக்க 2022 மார்ச் வரை 600 ரூபாய். அந்த ஏப்ரலிலிருந்து 5,000. 2025 ஆகஸ்டிலிருந்து 20 வயது தாண்டியதற்கு 10,000. தாமதமானால் மாதத்துக்கு 500 ரூபாய் கூடுதல். பசுமை வரி தனி. 600 ரூபாய் காலத்தில் பென்சிலால் தேய்த்தார்கள். 10,000 ரூபாய் காலத்திலும் பென்சிலால்தான் தேய்க்கிறார்கள். பென்சில் விலை இவ்வளவு ஏறியிருக்கும் என்று நினைக்கவில்லை.

அரசு தன் விஷயத்தில் மட்டும் கவனமாகத்தான் இருக்கிறது. 2023 ஏப்ரல் முதல் 15 வருடம் தாண்டிய அரசு வண்டிகளின் பதிவு செல்லாது, அவற்றைக் கழித்துக் கட்ட வேண்டும் என்பது மத்திய விதி. தன் 15 வயது ஜீப்பை நம்பாத அரசு, என் 20 வயது காரை நம்பி 5 வருடம் தந்திருக்கிறது. இந்தப் பாசத்துக்கு நான் என்ன கைம்மாறு செய்வேன்?

இந்தச் சான்றிதழின் உண்மையான பயன் எங்கே என்று தெரிய வேண்டுமானால் பழைய கார் விளம்பரங்களைப் படியுங்கள். ‘சிங்கிள் ஓனர், டாக்டர் யூஸ்டு, எஃப்.சி. 2030 வரை கரண்ட்’. வாங்க வருகிறவர் இந்தக் கடைசிச் சொல்லில்தான் விழுகிறார். முதல் கார் வாங்கும் மனிதர், சீட்டுப் பணம் எடுத்து வந்திருப்பார். பால் ஜாயிண்ட் என்றால் என்னவென்று தெரியாது. “கவர்மெண்டே 5 வருஷம் ஓட்டலாம்னு குடுத்திருக்கு” என்று மனைவியிடம் சொல்லுவார். தங்கள் முத்திரையை நம்பிக் குழந்தைகளைப் பின்சீட்டில் ஏற்றுகிறார். அவருக்குத் தெரியாத இரகசியம்: அந்தச் சான்றிதழ், ஆர்.சி.யில் உள்ள கார் இதுதான் என்று மட்டுமே உறுதி சொல்கிறது.

பிரிட்டனில் 1960இலேயே பழைய கார்களின் பிரேக், லைட், ஸ்டியரிங்கைச் சோதிக்கத் தொடங்கிவிட்டார்கள். இன்றைக்கு அங்கே 3 வயதான கார் வருடா வருடம் சோதனைக்கு நிற்க வேண்டும். நாலில் ஒன்றுக்கு மேல் முதல் தடவையில் தேறுவதில்லை. லைட், சஸ்பென்ஷன், பிரேக், டயர் என்று தோற்கிற காரணங்களும் என் மெக்கானிக் சொன்ன அதே பட்டியல்தான். டயர் பட்டன் அளவுகூட அங்கும் 1.6 மில்லிமீட்டர். எதில் தோற்றது, அடுத்த தடவைக்குள் எதைக் கவனிக்க வேண்டும் என்று எழுதி வைக்கிறார்கள். கார் நம்பரைத் தட்டினால் யாரும் படிக்கலாம். இங்கே கார் நம்பரைத் தட்டினால் எந்தத் தேதி வரை செல்லும் என்று வரும். எதனால் செல்லும் என்று வராது.

நாமும் சும்மா இருக்கவில்லை. ரோலரில் ஏற்றி பிரேக்கையும், கருவி வைத்து சஸ்பென்ஷனையும் ஹெட்லைட்டையும் அளக்கும் தானியங்கிச் சோதனை நிலையங்களுக்கு 2021இல் மத்திய அரசு விதி வகுத்தது. கனரக வண்டிகளுக்கு 2023 ஏப்ரலில் கட்டாயம் என்றார்கள். அது 2024 அக்டோபருக்குத் தள்ளிப்போனது. சொந்தக் காரின் முறை வருவதற்குள் என் காரின் அடுத்த 5 வருடமும் முடிந்துவிடக் கூடாதே என்பதுதான் கவலை.

தங்கள் பக்கத்து நியாயமும் எனக்குத் தெரியும். லைசென்ஸுக்கு எட்டுப் போடுகிறவர்களைப் பார்ப்பதும், புது வண்டி பதிவும், எஃப்.சி.யும், ரோட்டில் வாகனத் தணிக்கையும் அதே சில பேர் தலையில்தான். காலையில் வரிசையில் நிற்கும் வண்டிகளை எல்லாம் வீலைக் கழற்றிப் பார்த்தால் ராத்திரி ஆகிவிடும். ஆட்களும் கருவியும் கேட்டுத் தாங்களும் மேலே எத்தனையோ கடிதம் எழுதியிருக்கலாம். அவற்றுக்கும் இந்தக் கடிதத்துக்கு ஆகப்போகும் கதிதான் ஆகியிருக்கும்.

ஆனாலும் ஒன்று மட்டும் எனக்கு விளங்கவில்லை. ஒரு கார் எங்காவது மோதி ஆள் செத்துவிட்டால், காவல் நிலையத்தில் நிற்கும் அந்த நசுங்கிய காரைப் பார்க்க இதே மோட்டார் வாகன ஆய்வாளர் வருகிறார். அப்போது பிரேக் பார்க்கப்படுகிறது. ஸ்டியரிங் திருப்பிப் பார்க்கப்படுகிறது. டயர் பார்க்கப்படுகிறது. விபத்துக்கு இயந்திரக் கோளாறு காரணமா, இல்லையா என்று அறிக்கை எழுதப்படுகிறது. அதாவது காரை எப்படிச் சோதிக்க வேண்டும் என்பது தங்களுக்கு நன்றாகத் தெரியும். அந்தச் சோதனைக்குத் தகுதி பெற ஒரு கார் முதலில் யாரையாவது கொன்றாக வேண்டும் என்பதுதான் நடைமுறை.

எனவே கீழ்க்காணும் கோரிக்கைகளைப் பரிசீலிக்கப் பணிவுடன் வேண்டுகிறேன்:

1. வாங்கும் 10,000 ரூபாயில் ஒரு பங்கைக் கொண்டு ஒவ்வொரு மைதானத்திலும் குனிந்து பார்க்க ஒரு குழியாவது வெட்டித் தரவும்.

2. சொந்தக் காரின் முதல் சோதனைக்கு 15 வருடம் காத்திருக்க வேண்டாம். 15க்குப் பிறகு 5 வருட இடைவெளியும் வேண்டாம்.

3. தேறியது, தேறவில்லை என்பதோடு நிறுத்தாமல் எது தேய்ந்திருக்கிறது என்று இரண்டு வரி எழுதவும். அடுத்து வாங்குகிறவர் அதைப் படிக்க வழி செய்யவும்.

4. மேற்கண்ட மூன்றும் உடனடியாக இயலாதெனில், சான்றிதழின் அடியில் ‘இக்காரின் சேஸ் நம்பர் சரியாக உள்ளது, மற்றவை உரிமையாளரின் அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது’ என்று அச்சிட்டு உதவவும்.

பழைய கார் வாங்கப் போகிறவர்களுக்கு இக்கடிதத்தின் நகல் அனுப்பப்படுகிறது. எஃப்.சி. தேதியைப் பார்த்து முன்பணம் கொடுக்காதீர்கள். விற்பவருக்குச் சொந்தமில்லாத ஒரு மெக்கானிக்கைக் கூட்டிப்போய், வண்டியை லிஃப்ட்டில் ஏற்றி அடியில் நின்று பாருங்கள். டயரின் நாலு எண்ணைப் படியுங்கள், கார்ப்பெட்டைத் தூக்குங்கள், பெடலை அரை நிமிடம் அழுத்துங்கள். விற்பவர் இதற்குச் சம்மதிக்காவிட்டால் அதுதான் உங்களுக்கு நம்பகமான சோதனை முடிவு.

தங்களிடம் கேட்பது இவ்வளவுதான் ஐயா: விபத்துக்குப் பிறகு செய்யும் அந்தச் சோதனையை, விபத்துக்கு முன்னால் செய்யுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
தகுதிச் சான்று பெற்ற கார் ஒன்றின் உரிமையாளர்.